ஆனந்தாலய்: மண்சுவர் எதுவரை தாங்கும்?

வங்கதேசத்தின் வடமேற்கே, தினாஜ்பூர் மாவட்டத்து ருத்ராபூர் கிராமத்தில் இருக்கிறது ‘ஆனந்தாலய்’. கீழே மாற்றுத்திறனாளிகளுக்கான சிகிச்சை மையம். மாடியில் ஊர்ப் பெண்களின் தையல்கூடம். ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் அன்னா ஹெரிங்கர் வடிவமைத்த இந்த மண் கட்டடத்துக்கு 2020இல் ஓபெல் விருது கிடைத்தது. விருது இருக்கட்டும். இது அந்த ஊரின் மரபுதானா, மாறிவரும் பருவநிலையைத் தாங்குமா என்பதே கேள்வி.

மரபு என்றால் பாதிதான். அவ்வூர் மண்வீடுகளுக்குக் கடைக்கால் கிடையாது. அடியிலிருந்து ஓதம் ஏறும், சாரல் சுவரை அரிக்கும், சில ஆண்டுகளில் சுவர் சரியும். 2005இல் சக கட்டடக் கலைஞர் எய்க்கே ரோஸ்வாகுடன் சேர்ந்து இதே ஊரில் கட்டிய மெட்டி பள்ளியிலேயே ஹெரிங்கர் இதற்கு வழி கண்டுவிட்டார்: செங்கல் கடைக்கால், அதன்மேல் ஈரம் ஏறாதபடி பாலித்தீன் விரிப்பு, மண்ணோடு வைக்கோல். மாடுகளை விட்டு மிதித்த கலவையைச் சுமார் 65 செ.மீ. உயரம் அடுக்கி, சில நாள் உலரவிட்டு, கூரான மண்வெட்டியால் பக்கங்களைச் செதுக்கிய பிறகே அடுத்த அடுக்கு. பலகை அடிக்கத் தேவையில்லை. ஆனந்தாலயின் வளைந்த சுவர்கள் இந்த முறையின் கொடை. மாடிவரை சுற்றியேறும் சாய்தளம் அவ்வூர் மரபில் இல்லாதது. சக்கர நாற்காலிக்காரரை மாடிக்குக் கொண்டுசெல்லும் அதுதான் கட்டடத்தின் மிகச் சிறந்த பகுதி. மண்ணும் மூங்கிலும் உள்ளூர்ச் சரக்கு என்பதால் செலவில் பெரும்பங்கு கூலியாக ஊருக்குள்ளேயே தங்குகிறது.

வெயிலைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. தடித்த மண்சுவர் பகல் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். மே மாதத்தில் கான்கிரீட் சமுதாயக் கூடத்துக்குள் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மழை வேறு, வெள்ளம் வேறு. இறங்கிய தாழ்வாரம் சாரலைத் தடுக்கும். தேங்கிய நீரை எது தடுக்கும்? 2017 ஆகஸ்டில் தினாஜ்பூர் கடும் வெள்ளத்தைக் கண்ட மாவட்டம். கடைக்காலுக்கு மேலே நீர் நாள்கணக்கில் நின்றால் சிமெண்ட் கலக்காத மண் இளகிவிடும், வைக்கோல் காப்பாற்றாது. இடிந்த மண்ணையே குழைத்து மறுபடி எழுப்பலாம் என்பார்கள். வீட்டுக்குச் சரி. ஊரே பயன்படுத்தும் பொதுக் கட்டடத்துக்கு அது சமாதானமாகாது.

மேட்டு நிலத்துக்கு ஆனந்தாலயை யோசிக்காமல் பரிந்துரைப்பேன். ஆற்றோரத் தாழ்நிலத்தில், வெள்ள மட்டத்துக்கு மேலே எழும்பும் செங்கல் மேடை இல்லாமல் இதை நகலெடுப்பது தவறு.