விட்ட இடமும் வாசிப்புதான்

ஒரு நாவலை முடிக்காமல் மூடிவைத்தவனைப் பொறுமையற்றவன் என்று ஒதுக்குவது நம் இலக்கியச் சூழலில் பழகிப்போன காரியம். 'முழுசாப் படிச்சீங்களா?' என்று மட்டுமே கேட்கிறோம். எந்த இடத்தில் விட்டாய், ஏன் அங்கே விட்டாய் என்று கேட்பதில்லை. ரொலான் பார்த் 1973இல் வெளிவந்த 'பிரதி தரும் இன்பம்' நூலில், பால்ஸாக்கையோ புரூஸ்தையோ எவரும் வார்த்தை விடாமல் படிப்பதில்லை என்கிறார். வாசகன் எதைத் தாண்டிப் போவான் என்பது எழுதுகிறவன் கையில் இல்லை. அப்படியானால் விட்ட இடத்தையும் வாசிப்பின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

இதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது: அன்றைய மதுரை ஜில்லாவில், 1985க்குப் பிறகு திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் வத்தலக்குண்டில் பிறந்த பி.ஆர். ராஜம் அய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்து 1896இல் நூலானது. முன்பாதியில் சிறுகுளம் என்கிற ஊர் உயிரோடு இருக்கிறது. பெண்களின் வம்பர் மகாசபை, தமிழ் வாத்தியார் அம்மையப்ப பிள்ளை, ஊர்ப்பேச்சு, பொறாமை எல்லாம் உண்டு. பின்பாதியில் ஊர் மெல்லக் கரைகிறது. முத்துஸ்வாமி அய்யர் குருவிடம் போய்ச் சேர்கிறார், கதை வேதாந்தமாகிறது. 'இதுக்கப்புறம் ஓடல சார்' என்று வாசகன் புத்தகத்தை மூடுவது பெரும்பாலும் இந்த எல்லையில்தான்.

ஆசிரியருக்கோ அந்தப் பின்பாதிதான் நூல். கதை சொல்வது தன் முக்கிய நோக்கமல்ல, உழன்று தவித்த ஓர் ஆத்மா அமைதி பெற்றதைச் சொல்வதே நோக்கம் என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். 1896இலேயே 'பிரபுத்த பாரத' பத்திரிகையின் ஆசிரியராகி, 1898இல் 26 வயதில் மறைந்தவரின் வாழ்க்கைத் திசையும் அதுதான்.

நம் விமர்சனம் என்ன செய்தது? முன்பாதியை எடுத்துக்கொண்டு 'யதார்த்தம்' என்று முத்திரை குத்தி, தமிழின் முதல் நாவல்கள் வரிசையில் பத்திரமாக உட்கார வைத்தது. பின்பாதியைக் கலைச்சரிவு என்று ஒரு வாக்கியத்தில் கழித்துக்கட்டியது. இதுவும் பாதியில் விட்ட வாசிப்புதானே? வாசகன் விட்டால் சோம்பல், விமர்சகன் விட்டால் மதிப்பீடு! இலக்கிய வரலாறு என்ற பெயரில் நமக்குக் கிடைத்திருப்பது அரைப்பிரதியின் வரலாறு. வகுப்பறையில் இந்தச் சிக்கலே கிடையாது. கைடு போதும், ஆரம்பிக்காத புத்தகத்தை யார் பாதியில் விடப்போகிறார்கள்?

வேதாந்தம் வரைக்கும் போகாமலே மூடக்கூடிய இன்னொரு வாசகனும் உண்டு. இந்நாவலில் திருடனாக வருபவனின் பெயர் பேயாண்டித் தேவன். அக்ரகாரத்து வீட்டுக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மனசு இருக்க, வெளியிலிருந்து வருகிறவனுக்குச் சாதியும் தொழிலும் ஒன்றாகிவிடுகின்றன. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அந்தச் சட்டத்துக்குத் தேவையான மனப்படம் அதற்கு முன்பே கதையாடல்களில் தயாராக இருந்தது. அச்சட்டத்தின் கீழ் ரேகை வைத்தவர்களின் பேரன் இந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தால் அதைச் 'சுவை போதாது' என்று சொல்வீர்களா? அவன் பிரதிக்குப் பதில் சொல்லியிருக்கிறான்.

ஆக, பாதியில் விடுவதெல்லாம் ஒரே செயல் அல்ல. ஒருவன் அலுத்து விடுகிறான், ஒருவன் அவமானப்பட்டு விடுகிறான், இன்னொருவன் தனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டு விடுகிறான். மூன்றாவது ஆள்தான் பெரும்பாலும் கட்டுரை எழுதுகிறான். 'கமலாம்பாள் சரித்திரம்' பற்றி அடுத்து எழுத வருகிறவர்கள், எந்த அத்தியாயத்தோடு நிறுத்திக்கொண்டோம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடட்டும். தீர்ப்பை அப்புறம் பேசலாம்.