ஐஸைக் கடிக்கும் சக்கரம்

பைக் பந்தயம் பார்த்துப் பழகிய கண்ணையும் ஐஸ் ஸ்பீட்வே முதல் சுற்றிலேயே குழப்பிவிடும். உறைந்த தரையில் நான்கு பைக்குகள் மணிக்கு 130 கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில் வருகின்றன. எதிலும் பிரேக் கிடையாது. வளைவு வந்ததும் நான்கும் இடப்பக்கம் படுக்கின்றன; ஹேண்டில்பாரின் முனை ஐஸை உரசுகிறது, ஓட்டுபவரின் இடது முழங்கால் தரையோடு இழைகிறது. இந்த வேகத்தில் இப்படிச் சாய்ந்தால் அத்தனையும் வழுக்கிக்கொண்டு ஓரத்து வைக்கோல் கட்டுகளில்தான் போய் முட்டும் என்று மனம் கணக்குப் போடுகிறது. ஒன்றுகூட வழுக்குவதில்லை.

ரகசியம் டயரில் இருக்கிறது. ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளமுள்ள எஃகு முட்களைக் கூர்தீட்டி, ஒவ்வொன்றாக ரப்பரில் திருகி ஏற்றியிருப்பார்கள். பின்சக்கரத்தில் மட்டும் 200-க்கும் மேல். ஓடுவது எப்போதும் இடஞ்சுழியாகத்தான் என்பதால், சாயும்போது தரையைத் தொடும் இடப்பக்கத்திலேயே முட்கள் அடர்ந்திருக்கும். இப்படியொரு சக்கரம் விழுந்தவர் மேல் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் சக்கரத்தின் பெரும்பகுதியை மூடும் காப்புத் தகடு கட்டாயம். தரையில் உரசும் முழங்காலுக்குப் பழைய டயர்த் துண்டு ஒன்றைக் கட்டிக்கொள்கிற வழக்கம், இத்தனை தொழில்நுட்பத்துக்கு நடுவே பட்டறை வாசனையோடு நிற்கிறது.

வாசனை என்றதும் இன்னொன்று. 500 சிசி ஒற்றை சிலிண்டர் என்ஜின் மெத்தனாலில் ஓடுகிறது. அதற்குக் காலங்காலமாக ஊற்றிவந்த உயவெண்ணெய் ஆமணக்கிலிருந்து வந்தது. நம் வீட்டுப் பாட்டிமார் குழந்தைகளைத் துரத்திப் பிடித்துப் புகட்டிய அதே விளக்கெண்ணெயின் சொந்தம். அந்தப் புகையின் நெடிக்காகவே ஸ்பீட்வே மைதானத்துக்கு வருகிறவர்கள் ஐரோப்பாவில் உண்டு. குளிரில் மெத்தனால் எளிதில் ஆவியாகாது என்பதால் என்ஜினைக் கிளப்புவதே தனி வேலை.

மண் தளத்து ஸ்பீட்வேயும் கிட்டத்தட்ட இதே என்ஜினில்தான் ஓடுகிறது. ஆனால் அங்கே அழகு சறுக்கலில் இருக்கிறது: பின்சக்கரத்தை வெளியே உதறவிட்டு, முன்சக்கரத்தை எதிர்த்திசையில் திருப்பி, பக்கவாட்டில் பாய்வார்கள். ஐஸில் அந்த வித்தை செல்லாது. முட்கள் பதிந்த இடத்தில் சக்கரம் நிற்கிறது. மீதியை ஓட்டுபவர் சாய்ந்துதான் ஈடுகட்ட வேண்டும். மண்ணில் அளவோடு பிடியை இழக்கத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே கண்ணுக்குத் தெரியாத பிடியை நம்பத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் எது கடினம் என்ற வாதம் ஓயாது. நம்புவதுதான் கடினம் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. சறுக்கும் பைக் தன் நிலையை ஓயாமல் உடம்புக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். முள் பதிந்த பைக் பிடிவிடும் கணம் வரை வாய் திறக்காது.

எனவே ரசிக்க வேண்டிய இடம் நேர்ப்பாதை அல்ல. வளைவுக்குள் நுழையும்போது யார் முதலில் சாய்கிறார், சாய்ந்த நிலையிலேயே யார் முதலில் ஆக்ஸிலேட்டரைத் திறக்கிறார் என்று பார்க்க வேண்டும். நான்கு சுற்றுகள், ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக. அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். முதல் பந்தயத்தில் கண்ணாடிபோல் இருந்த தரை, அடுத்தடுத்த பந்தயங்களில் உழவு நிலமாகிவிடுகிறது. முட்கள் கிளப்பிய ஐஸ் தூள் வெளிவிளிம்பில் குவிகிறது, உள்விளிம்பில் பள்ளம் விழுகிறது. இடையிடையே தளத்தைச் சீர்செய்தாலும் மாலைக்குள் பாதை மாறிவிடும். காலையில் உள்விளிம்பை ஒட்டி வென்றவர் மாலையில் அதே கோட்டில் போனால் தூக்கி எறியப்படுவார். ஆட்டக்காரரின் மூளை தெரிவது அப்போதுதான்.

ஜெர்மனியின் இன்ட்செல், நெதர்லாந்தின் ஹீரன்வீன், கசகஸ்தானில் அல்மாட்டி நகருக்கு மேலே மலையில் இருக்கும் மெடியோ: இந்தப் பந்தயத்தின் புகழ்பெற்ற களங்கள் பலவும் வேக ஸ்கேட்டிங்குக்காகக் கட்டிய 400 மீட்டர் வளையங்கள். ஸ்கேட்டிங் வீரர்களும் இடப்பக்கம்தான் திரும்புகிறார்கள்.

சறுக்கலையே விரும்புகிறவர்கள் அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் போகலாம். அங்கே உறைந்த ஏரிகளில் சாதாரண மோட்டோகிராஸ் பைக்கின் டயரில் குட்டையான திருகாணிகளை நூற்றுக்கணக்கில் இறக்கி ஓட்டுகிறார்கள். ஆணித் தலையின் விளிம்புதான் ஐஸை வெட்டும். பிடி உண்டு, ஆனால் முழுதாக இல்லை. பின்சக்கரம் அழகாக வெளியே நழுவும். அரங்கத்தில் இல்லாத ஒரு கேள்வியும் அங்கே உண்டு: காலடியில் ஐஸ் எவ்வளவு தடிமன்? மினசோட்டா இயற்கைவளத் துறை, நடப்பதற்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர், ஸ்னோமொபைலுக்கு 13 முதல் 18 சென்டிமீட்டர் வேண்டும் என்கிறது. ஸ்வீடனிலோ 1915-இல் தொடங்கிய நவம்பர்கோசான் என்ற காட்டுவழிப் பந்தயம் ஐஸைத் தேடிப் போவதில்லை. நவம்பர் இருட்டு எதைக் கொட்டுகிறதோ, சேறோ பனியோ, அதில் ஓட்ட வேண்டியதுதான்.

முள் சக்கரத்தின் தனிநபர் உலகப் பட்டம் 1966-இல் தொடங்கியது. முதல் பட்டம் ஊஃபா நகரத்து கப்த்ரக்மான் கதிரோவுக்கு; 1973 வரை ஆறு முறை வென்றார். நிகோலாய் கிராஸ்னிகோவ் 2005 முதல் 2012 வரை தொடர்ந்து எட்டு ஆண்டு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தச் சோவியத், ரஷ்ய வரிசைக்கு நடுவே புகுந்தவர்களில் மனத்தில் நிற்பவர் ஸ்வீடனின் பெர்-ஓலோஃப் செரேனியஸ். 1995-இல் ஒரு முறை, பிறகு 2002-இல் ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில் மறுபடி ஒரு முறை. மற்ற மோட்டார் பந்தயங்களில் அந்த வயதுக்காரர்கள் பெரும்பாலும் வர்ணனையாளர் நாற்காலியில் இருப்பார்கள்.

உக்ரைன் போர் தொடங்கிய பிறகு 2022-இல் சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு ரஷ்ய வீரர்களை விலக்கிவைத்தது. 2023-இல் பட்டம் ஸ்வீடனின் மார்ட்டின் ஹாராஹில்டுனெனிடம் போனது. வெற்றி வெற்றிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் போட்டியாளர் பட்டியல் இளைத்துப் போயிருக்கிறது. அவர் யாரோடு மோதித் தன்னை அளந்து பார்க்க வேண்டுமோ, அவர்களில் பலர் களத்துக்கு வெளியே இருக்கிறார்கள்.