அம்மாவுக்குக் கைதட்டல், மகளுக்கு ஏச்சு

எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயரை வைத்தார்: 'அருளர்' (2005). அடுத்ததற்கு அம்மாவின் பெயர்: 'கலா' (2007). மூன்றாவதற்குத் தன் பெயரையே வைத்தார்: 'மாயா' (2010). 'கலா'வை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்றது ரோலிங் ஸ்டோன் பத்திரிகை. 'மாயா'வுக்கு பிட்ச்ஃபோர்க் கொடுத்தது பத்துக்கு 4.4. பள்ளிக்கூடமாக இருந்தால் அப்பாவைக் கூட்டிட்டு வா என்று சொல்லும் மார்க். இத்தனைக்கும் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 'கலா' தொட்டது 18ஆம் இடம், 'மாயா' 9ஆம் இடம். ஆனாலும் அவருடைய சறுக்கல் எது என்று கேட்டால் இன்றும் பலர் 'மாயா'வைத்தான் காட்டுவார்கள்.

'கலா' ஏன் அவ்வளவு பிடித்தது? அமெரிக்க விசா சிக்கலால் எம்.ஐ.ஏ. அந்த ஆல்பத்தை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று அலைச்சல். 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் உறுமி அதிர்கிறது. கூடவே 'ஜெயம்' படத்தின் 'திருவிழான்னு வந்தா' பாட்டிலிருந்து ஒரு துண்டு. 'பாம்பூ பங்கா'வில் இளையராஜாவின் 'காட்டுக்குயிலு' எட்டிப் பார்க்கிறது. மேற்கத்திய விமர்சகர்களுக்கு இதெல்லாம் கேட்டிராத புதுசு. எங்கள் பக்கம், மீஞ்சூரிலும் எண்ணூரிலும், ஆடி மாசம் கூழ் ஊத்தும்போதும் சாவு வீட்டு வாசலிலும் கேட்கிற அடி அது. நமக்குப் பழசு, அவர்களுக்குப் புதுசு. சும்மா சொல்லக்கூடாது, இரண்டு பக்கமும் ஆட வைத்தது.

'மாயா'வில் அந்த மேளம் அப்படி முன்னால் வந்து நிற்பதில்லை. 'ஸ்டெப்பின் அப்' பாட்டில் துளை போடும் மெஷின் சத்தமே தாளம். 'பார்ன் ஃப்ரீ' சூசைட் என்ற நியூயார்க் இரட்டையரின் 1977 பாட்டு ஒன்றின் முதுகில் ஏறி ஓடுகிறது. இரைச்சல், தலைவலி என்று பலர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

நான் அதை முதலில் கேட்ட வருஷம் வள்ளூரில் அனல்மின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. மூன்று யூனிட், தலா 500 மெகாவாட். இந்தப் பக்கத்துக் காது சத்தத்தைப் பிரித்துப் பிரித்துப் பழகியது. எது கன்டெய்னர் லாரி, எது கூட்ஸ் வண்டி, எது ஷிஃப்ட் மாறும் சங்கு என்று தூக்கத்திலேயே தெரியும். அப்படிக் கேட்டால் 'ஸ்டெப்பின் அப்' ஒழுங்கான பாட்டு. மெஷின் ஒரு இடத்திலும் தாளம் தப்பவில்லை. கவனிக்க வேண்டியது வேறு: குரல் எங்கே இருக்கிறது? 'கலா'வில் அவர் குரல் மேளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து எல்லோரையும் கூப்பிடும். 'மாயா'வில் அது மெஷினுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கத்துகிறது. பதிவில் நேர்ந்த கோளாறாக எனக்கு இது படவில்லை. ஆல்பத்தின் பொருளே அதுதான்.

இரண்டு ஆல்பங்களுக்கும் நடுவே 2009 இருக்கிறது. அந்தப் பிப்ரவரியில் பிரசவத்துக்குக் குறித்திருந்த நாளன்று வயிற்றோடு கிராமி மேடையில் பாடினார். உலகம் முழுக்க அந்தப் படம் போனது. அதே வாரங்களில் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. கிடைத்த பேட்டியிலெல்லாம் அதைச் சொன்னார். புலி ஆதரவாளர் என்ற முத்திரைதான் மிஞ்சியது. மே மாதம் முள்ளிவாய்க்கால். ஆகஸ்டில் சேனல் 4 அந்தக் கொலைக் காட்சிகளை ஒளிபரப்பியது. இத்தனை பெரிய மேடையில் நின்றும் சொன்னது யார் காதிலும் ஏறாத ஒருத்தி அடுத்த வருஷம் எப்படிப் பாடுவாள்? செம்பட்டை முடி இளைஞர்களைப் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சுடுகிற 'பார்ன் ஃப்ரீ' வீடியோ 2010 ஏப்ரலில் வந்தது. யூடியூப் அதைத் தூக்கியது.

ஆனால் ஆல்பம் வருவதற்கு முன்பே பேச்சு உருளைக்கிழங்கு வறுவலுக்குப் போய்விட்டது. நியூயார்க் டைம்ஸ் வார இதழில் லின் ஹிர்ஷ்பெர்க் எழுதிய நீண்ட கட்டுரை, புரட்சி பேசிக்கொண்டே விலை உயர்ந்த வறுவல் தின்கிற பெண்ணாக அவரைக் காட்டியது. அதை வாங்கச் சொன்னதே நிருபர்தான் என்று எம்.ஐ.ஏ. ஒலிப்பதிவை வெளியிட்டார். மேற்கோள்களை இடம் மாற்றிப் போட்டதற்காகப் பத்திரிகையும் ஒரு குறிப்பு போட்டது. குறிப்பை யார் படித்தார்கள்? ஜூலையில் வந்த பல விமர்சனங்களில் வறுவல் வாசனை அடித்தது.

முதல் பாட்டு 'தி மெசேஜ்', நம் கூகுள் தேடல் அரசாங்கத்தின் கைக்குப் போகிறது என்று சொல்லும் ஒரு நிமிடத் துண்டு. சதிக்கதை என்று சிரித்தார்கள். 2013 ஜூனில் ஸ்னோடன் ஆவணங்கள் வெளிவந்தன.

இதற்காக ஆல்பம் முழுசும் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. 'எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஓ' ரேடியோவுக்காகச் செய்த சராசரிப் பாட்டு. 'இட் டேக்ஸ் எ மசில்' ஒரு பழைய டச்சுப் பாட்டின் மறுபதிப்பு; இங்கே எதற்கு வந்தது என்று புரியவில்லை. கடைசிப் பக்கம் தளர்கிறது. பிட்ச்ஃபோர்க் இதையெல்லாம் சொல்லி ஆறு மார்க் போட்டிருந்தால் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

சண்டை நம்மோடும் உண்டு. தமிழில் இவரைப் பற்றிப் பேச்செடுத்தால் ஈழம் வரும், ஈரோஸ் இயக்கத்தில் இருந்த அப்பா வருவார், ரஹ்மானோடு 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் பாடியது வரும். பாட்டு எப்படி ஒலிக்கிறது என்ற பேச்சு மட்டும் வராது. உறுமிக்குப் பெருமைப்பட்டோம், மெஷின் சத்தம் வந்ததும் அது வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம்.

இனி கேட்பவர்கள் 'லவலாட்'டில் தொடங்கலாம். மாஸ்கோ மெட்ரோவில் குண்டோடு போன பதினேழு வயதுப் பெண்ணை மனத்தில் வைத்த பாட்டு. காதல் என்ற சொல் வாய்க்குள் உருண்டு கடவுளின் பெயராகக் கேட்கும் ஒரு இடம் வருகிறது. ஹெட்போன் போட்டு, சத்தத்தைக் குறைக்காமல் கேளுங்கள்.