தலைச்சுமைக்காரிகளின் சங்கம்

2022-இல் மறைந்த இலா பட், அகமதாபாத்தின் ‘சேவா’ சங்கத்தைப் பற்றி 2006-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலை வியாபாரிக் கண்ணோடுதான் படித்தேன்.

1971-இல் துணிச்சந்தையில் சுமை தூக்கிய பெண்களுக்குக் கூலி சரியாகக் கிடைக்கவில்லை என்று இவர் பத்திரிகையில் எழுதினார். வியாபாரிகள் விடுவார்களா? நியாயமாகத்தான் கொடுக்கிறோம் என்று பதில் எழுதினார்கள். அந்தப் பதிலையே அட்டையில் அச்சடித்துப் பெண்கள் கையில் கொடுத்துவிட்டார்கள்! கூலி குறைந்தால் அட்டையை நீட்ட வேண்டியதுதான். கடையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதற்கு எங்களிடம் பதில் கிடையாது.

முதலாளி இல்லாத சங்கத்தை எப்படிப் பதிவது என்று தொழிலாளர் துறை மறுத்தது. சங்கம் முதலாளியை எதிர்க்க மட்டுமா, தொழிலாளர் ஒன்றுசேரவும்தானே என்று வாதாடி, 1972 ஏப்ரலில் பதிவு வாங்கினார்கள். நூலின் உயிர் இந்த வாதம்தான். வீட்டில் துண்டுத்துணி தைப்பவளை ‘சும்மா இருக்கிறாள்’ என்று நம் வீடுகளிலும் சொல்கிறோமே, அதற்கும் இது பொருந்தும்.

ஒரு குறை. துண்டுத்துணி வியாபாரியும் கடனில் சரக்கெடுப்பவன்தான். அவன் வட்டிக்கணக்கையும் விரித்திருந்தால், தைப்பவளின் கூலி எந்தக் கையில் குறைகிறது என்பது இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும்.