செதிலை எண்ணினால் போதுமா?

‘பிரிட்டிஷ் இந்திய விலங்கினம்’ வரிசையில் மால்கம் ஸ்மித் 1935இல் எழுதிய பல்லியின நூல், பழனிமலையின் சாலியா ஓணானைச் செதில்களைக் கொண்டு இனங்காணச் சிறந்த துணை. ஆனால் அதன் வாழ்க்கையை அறிய, மாணவர்களே, செதில் கணக்கு போதாது.

ஓணான் முட்டையிடும்போதே உள்ளே கரு ஓரளவு வளர்ந்திருக்கும். மண் குளிர்ந்தால் வளர்ச்சி மந்தமாகும். ஒரே குழியின் முட்டைகள்கூட, ஆழத்திற்கேற்ப முன்பின்னாகப் பொரியலாம். கோழி முட்டையின் 21 நாள் கணக்கு இங்கே பொருந்தாது. அதே மலையின் கேடயவால் பாம்புகளோ கருவை வயிற்றிலேயே வளர்த்துக் குட்டி ஈனுகின்றன.

கொடைக்கானல் குளிரை இவ்வுயிர்கள் வெல்லும் வழிகள் இவை. இவற்றைச் சாராயத்தில் ஊறிய உடல் சொல்லாது. நூலால் இனங்காணுங்கள், வாழ்க்கையைக் களத்தில் பாருங்கள். முட்டைகளை மட்டும் தொடாதீர்கள். புரட்டினால் கரு இறக்கக்கூடும்.