முற்றொருமையும் பாய்மமும்: ஒரு நிரூபணத்தை வாசித்தல்

பாய்மங்களின் இயக்கவியல் பற்றி லூஸ் இரிகாரே 1974-இல் எழுதி, 1977-இல் தன் நூலில் சேர்த்த கட்டுரையை நானும் ஒரு காலத்தில் மேற்கோள் காட்டித் திரிந்தவன்தான். அறிவியலின் தர்க்கம் திடப்பொருளின் தர்க்கம், பாய்வதைச் சொல்ல அதனிடம் மொழி இல்லை என்று ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு இறங்கினேன். கணித ஆசிரியர் ஒருவர் கேட்டார்: 'சார், அந்தச் சமன்பாட்ட ஒரு தடவையாவது எழுதிப் பாத்திருக்கீங்களா?' எழுதிப் பார்த்ததில்லை. 1996-இல் சோக்கல் அடித்த கேலி, 1997-இல் அவரும் பிரிக்மாண்டும் சேர்ந்து எழுதிய நூல் என்று சண்டை வலுத்தபோது நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். இரண்டு கட்சியிலும் யாரும் பேப்பரை எடுத்து எழுதிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் எழுதிப் பார்த்தது இது. க, ச என்று இரண்டு வெக்டர் புலங்கள். அவற்றின் புள்ளிப் பெருக்கலுக்குக் கிரேடியன்ட் எடுத்தால்:

∇(க·ச) = (க·∇)ச + (ச·∇)க + க×(∇×ச) + ச×(∇×க)

தமிழில் இதை முற்றொருமை என்கிறோம். அடையாள அரசியலின் 'அடையாளம்' வேறு சொல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், அந்தக் குழப்பம் நமக்கு மிச்சம். இருந்தாலும் ஒரு கேள்வி நிற்கிறது: இடப்பக்கம் ஒற்றை உறுப்பாக இருப்பது வலப்பக்கம் ஏன் நான்காக உடைகிறது?

வகுப்பறையில் வழங்கும் குறுக்குவழி, '∇-வும் ஒரு வெக்டர்தான், அப்படியே போடு' என்பது. மூன்று வெக்டர் விதியில், அதாவது க×(ங×ச) = ங(க·ச) − ச(க·ங) என்பதில், ங-வின் இடத்தில் ∇-வைப் போடுகிறார்கள். உடனே இரண்டு இடத்தில் இடிக்கிறது. கடைசி உறுப்பில் ∇-வுக்கு வலப்புறம் வகையிட எதுவுமே இல்லை; ச-வைத் தூக்கிப் பின்னால் வைக்க வேண்டியிருக்கிறது. முதல் உறுப்பில் ∇ இரண்டின் மீதும் செயல்படுவதாகத் தெரிகிறது. 'இல்லப்பா, ச மேல மட்டும்' என்று வாத்தியார் காதோடு சொல்ல வேண்டும். ∇ ஒரு செயலி, வலப்புறம் நிற்பதை மாற்றுவது. க·∇ வேறு, ∇·க வேறு. விடை சரியாக வந்துவிடும். ஆனால் ஏன் சரி என்று மாணவனுக்குத் தெரியாது. கீழ்ப்படியத்தான் அவன் கற்றுக்கொள்கிறான். (1964-இல் வெளியான தன் விரிவுரைகளின் இரண்டாம் தொகுதியில் ஃபெய்ன்மன் இதே வழியைத்தான் கையாள்கிறார். ஆனால் ∇ எதன்மீது செயல்படுகிறது என்று கீழ்க்குறி போட்டுக் காட்டுகிறார். அது நேர்மை.)

கூறுகளாக விரித்தால் யாருடைய தயவும் தேவையில்லை. முதல் திசையை மட்டும் எடுத்துக்கொள்வோம். புள்ளிப் பெருக்கலில் மூன்று பெருக்கங்கள்; பெருக்கல் விதிப்படி வகையிட்டால் ஆறு உறுப்புகள். க சும்மா நிற்க, ச வகையிடப்படும் மூன்று:

க₁∂₁ச₁ + க₂∂₁ச₂ + க₃∂₁ச₃

(க·∇)ச என்பதன் முதல் கூறு இதற்கு அண்டை வீடு மாதிரி இருக்கும், ஆனால் இது அல்ல:

க₁∂₁ச₁ + க₂∂₂ச₁ + க₃∂₃ச₁

முந்தையதிலிருந்து இதைக் கழித்தால் எஞ்சுவது:

க₂(∂₁ச₂ − ∂₂ச₁) + க₃(∂₁ச₃ − ∂₃ச₁)

அடைப்புக்குள் இருப்பவை ச-வின் கர்ல். மொத்தமும் க×(∇×ச)-இன் முதல் கூறு. மற்ற மூன்று உறுப்புகளுக்கு க, ச இடம் மாறும், அவ்வளவுதான். மற்ற இரண்டு திசைகளுக்கும் இதே கதை. ஆக கர்ல் என்பது நிரூபணத்தை ஒப்பேற்றக் கொண்டுவந்த ஒட்டு அல்ல. இரண்டு வரிசைகளும் பொருந்தாமல் போகிற அளவுதான் அது. அந்த வித்தியாசத்தின் பெயர் சுழற்சி.

இப்போது க, ச இரண்டுமே பாய்மத்தின் திசைவேகம் வ என்று வைப்போம். பாதியாக்கினால்:

½∇(வ²) = (வ·∇)வ + வ×(∇×வ)

இந்த (வ·∇)வ, 1757-இல் அச்சேறிய ஆய்லரின் சமன்பாட்டிலேயே இருக்கிறது. பாய்மத்துக்கு மொழி இல்லை என்று நான் பேசியபோது அதற்கு 200 வயதுக்கு மேல். நாவியர் (1822), ஸ்டோக்ஸ் (1845) பாகுத்தன்மையையும் சேர்த்துவிட்டார்கள். மொழி இல்லை என்ற என் வாதம் செத்தது. அதை வைத்துக்கொண்டு இழுப்பதில் பிரயோசனமில்லை.

ஆனால் சோக்கல் கட்சிக்காரர்கள் சிரித்துவிட்டுப் போய்விட முடியாது. பாகுத்தன்மையை விட்டுவிடுங்கள், சுழற்சி பூஜ்யம் என்று வையுங்கள். கடைசி உறுப்பு காணாமல் போகிறது, (வ·∇)வ வெறும் கிரேடியன்ட் ஆகிவிடுகிறது, கணக்கு லட்டு மாதிரி வருகிறது. அதோடு சேர்ந்து ஒரு விபரீதமும் வருகிறது: எல்லையற்ற பாய்மத்தில் சீராக நகரும் பொருளுக்குத் தடையே இல்லை! 1752-இல் தலாம்பேர் கண்டு திகைத்த முரண் இது. ஆற்றில் துடுப்புப் போட்டவன் எவனும் ஒப்புக்கொள்ள மாட்டான். விட்டுப்போனது எங்கே இருக்கிறது என்று பிராண்டல் 1904-இல் காட்டினார்: பொருளை ஒட்டிய மெல்லிய படலத்தில். பாகுத்தன்மை அங்கே வேலை செய்கிறது, சுழற்சி அங்கே பிறக்கிறது.

முன்னேற்பாடாகப் பாய்மத்தை இலட்சியப்படுத்தியதில் எதிர்ப்பு கழன்றுபோனது என்று இரிகாரே சொல்லியிருந்தால் என்னால் வரிவரியாக ஆதாரம் காட்ட முடியும். அவர் அதைச் சொல்லவில்லை. ஒரு துறையின் பிந்துதலைப் பற்றிப் பெரிதாகச் சொன்னார், நாங்கள் அதை இன்னும் பெரிதாக்கினோம். அந்த ஆசிரியர் இப்போது எங்கிருக்கிறாரோ. எழுதிப் பார்த்துவிட்டேன் சார். முதல் நாள் மூன்றாம் கூறில் ஒரு குறியைத் தப்பாகப் போட்டு, அரை ராத்திரி வீணாயிற்று.