கலிபோர்னியாவின் யூனிட் விலை

2045க்குள் சில்லறையில் விற்கும் மின்சாரம் முழுவதும் கரியுமிழ்வு இல்லாததாக இருக்க வேண்டும் என்று கலிபோர்னியா 2018இல் சட்டம் இயற்றியது. எஸ்.பி. 100 எனப்படும் அந்தச் சட்டம் வெறும் அறிவிப்பாக நிற்கவில்லை. பகலில் சோலார் மின்சாரம் பொங்குகிறது. பொழுது சாய்ந்ததும் பேட்டரிகள் கைகொடுக்கின்றன. இதை மனதாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் அங்கே வீட்டு மின்சாரத்தின் யூனிட் விலை அமெரிக்கச் சராசரியைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. சோலார்தான் காரணம் என்று கைகாட்டுவது பாதி உண்மைகூட இல்லை. 2018 நவம்பரில் பி.ஜி.இ. நிறுவனத்தின் பழைய மின்பாதையில் கிளம்பிய தீ, பாரடைஸ் ஊரை அழித்து 85 உயிர்களைக் குடித்தது. அதன்பின் கம்பிகளைப் புதைக்கவும் மரங்களைக் கழிக்கவும் ஆகும் பெருஞ்செலவு யூனிட் விலையில்தான் ஏறுகிறது. ஏழைகளுக்கான ‘கேர்’ தள்ளுபடியும் அதில்தான். கூரையில் சோலார் வைத்தவர்கள் தங்கள் பங்கிலிருந்து பெரிதும் நழுவிவிட, அந்தச் சுமையும் மற்றவர்கள் தலையில் விழுகிறது. ஃபிரெஸ்னோவில் ஜூலை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அங்கே வாடகை வீட்டில் இருப்பவருக்குச் சோலார் வைக்கக் கூரை சொந்தமில்லை, ஏ.சி.யை அணைக்கவும் வழியில்லை.

இதைச் சரிசெய்யவே 2022இல் ஏ.பி. 205 என்ற சட்டம் வந்தது. அதன்படி 2024 மே மாதம் ஒழுங்குமுறை ஆணையம் மாத நிலைக்கட்டணத்தை 24.15 டாலராக்கி, யூனிட்டுக்கு 5 முதல் 7 சென்ட் வரை குறைக்க உத்தரவிட்டது. ‘கேர்’ பயனாளிகளுக்கு நிலைக்கட்டணம் 6 டாலர்தான். வெயில் ஊர்க்காரருக்கு இது நிஜமான ஆறுதல். மின் அடுப்புக்கும் மின்சார காருக்கும் மாற நினைப்பவரையும் இது தடுக்காது. ஆனாலும் தள்ளுபடி வரம்பைச் சற்றே தாண்டிய செவிலியருக்கும் கோடீஸ்வரருக்கும் அதே 24.15 டாலர் என்பது எந்த வகையில் நியாயம்? கடலோரச் சிறு வீட்டில் சிக்கனமாக இருந்தவரின் பில்லும் ஏறுகிறது. மொத்தச் செலவோ ஒரு சென்ட்கூடக் குறையவில்லை; கைமாறியது மட்டுமே.

காட்டுத்தீத் தடுப்பும் ஏழைகளுக்கான சலுகையும் பொதுக் காரியங்கள். அவற்றுக்கான பணம், வருமானத்துக்கேற்ப வரி வாங்கும் மாநில பட்ஜெட்டிலிருந்து வர வேண்டும். பேரவை அந்தப் பக்கம் போகத் தயங்குவதன் காரணம் எளிது: வரியை உயர்த்த மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், மின் கட்டணத்தை உயர்த்த ஆணையத்தின் ஐந்து உறுப்பினர்களில் மூவர் போதும்.